அரசு விதித்த கொரோனா கட்டணமும் ரசீதில் தனியாக ஏறிய கவச உடையும்

கேள்வி (வைகைக்கரை):
2020 ஆகஸ்டில் என் தந்தையைக் கொரோனாவுக்காக மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஆக்சிஜன் தேவைப்படவில்லை, பொது வார்டில்தான் இருந்தார். அந்த ஜூனில் தமிழக அரசு, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனைகளுக்குத் தரப்பட்ட தரவரிசைப்படி ஏ1, ஏ2 மருத்துவமனைகளின் பொது வார்டுக்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய், ஏ3 முதல் ஏ6 வரை 5,000 ரூபாய், தீவிர சிகிச்சைக்கு 15,000 ரூபாய் என உச்சவரம்பு விதித்திருந்தது. எங்கள் ரசீதில் படுக்கைக் கட்டணம் வரம்புக்குள்தான் இருக்கிறது; ஆனால் அதன் கீழே 'பிபிஇ கிட்' (ஊழியர்கள் அணியும் கவச உடை) நாளுக்கு நான்கு, கிருமிநீக்கம், கழிவு அகற்றல் என்று ஏற்றி, மொத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. காப்பீட்டு நிறுவனமும் அவற்றைக் கழித்துக்கொண்டே பணம் தந்தது. ஒரே உடையில் வார்டு முழுவதையும் கவனித்த செவிலியருக்காக, நோயாளி ஒவ்வொருவரிடமும் முழு உடையின் விலையை வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்?

பதில் 1 (பேரேடு):
மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: செலவு உண்மையிலேயே கூடியது. ஊழியர்களில் பலர் தனிமைப்படுத்தலில் இருக்க, மற்றவர்களுக்குக் கூடுதல் ஊதியமும் தங்குமிடமும் தர வேண்டியிருந்தது. தள்ளிவைக்கக்கூடிய அறுவை சிகிச்சைகள் நின்றுபோனதால் வழக்கமான வருமானமும் இல்லை. இந்திய மருத்துவச் சங்கத்தின் தமிழகக் கிளை, லேசான பாதிப்புக்கே பத்து நாளுக்கு 2,31,820 ரூபாய் ஆகும் என்று அரசிடம் கணக்குக் கொடுத்தது; அரசு ஏற்றதோ அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ரசீதில் இந்தத் தனிக் கட்டணங்கள் முளைத்தன. ஆனால் கவச உடையைப் பொறுத்தவரை, வார்டில் அன்று செலவானவற்றை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் போடுவதே நேர்மையான முறை. தலைக்கு நான்கு என்பது ஐசியுவுக்கு வேண்டுமானால் பொருந்தலாம்.

பதில் 2 (செங்காந்தள்):
அரசுக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான பள்ளத்தை நோயாளியின் தலையில் கட்டுவதை ஏற்க முடியவில்லை. அதே ஜூனில் டெல்லியில் தனிமை வார்டுக்கு 8,000 முதல் 10,000 ரூபாய் வரை நிர்ணயித்தபோது, கவச உடையும் அதில் அடக்கம் என்று சொல்லியே நிர்ணயித்தார்கள். தனியே எழுதினால் எதையும் பெரிதாக்கிவிடலாம், ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் சிலிண்டர் ஆக்சிஜனுக்கு மத்திய அரசு விதித்த உச்சவிலை கன மீட்டருக்கு 25.71 ரூபாய். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வீதம் இரவு பகலாகக் கொடுத்தாலும் நாளொன்றுக்கு 14.4 கன மீட்டர்தான்; வரியும் போக்குவரத்தும் நீங்கலாக, சுமார் 370 ரூபாய். 2021 மே மாதம் தமிழக அரசு ஆக்சிஜன் படுக்கைக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய் வரை அனுமதித்தது என்றால், அதில் பெரும்பகுதி ஆளுக்கும் இடத்துக்கும் உரியது. அப்படி மொத்தமாக அனுமதித்த பிறகும் உடைக்குத் தனிக் கட்டணம் எதற்கு?

பதில் 3 (குடைநிழல்):
காப்பீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வழக்கமான மெடிகிளெய்ம் பாலிசிகளில் கையுறை, முகக்கவசம் போன்றவற்றைக் கழித்துவிடுவார்கள். 2020 ஜூலையில் வந்த 'கொரோனா கவச்' பாலிசியில்தான் கவச உடைச் செலவும் உண்டென்று வெளிப்படையாக எழுதப்பட்டது. உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள். மருத்துவமனையிடம் நாள்வாரியான விரிவான ரசீதை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், அந்த மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.