புதுப்பிப்பு: ஓரக்கண்ணால் பார்க்கும் மகன்

மூன்றரை வயது மகன் பொம்மைக் காரின் சக்கரத்தைக் கண்ணோரம் வைத்துச் சுழற்றுகிறான், கூப்பிட்டால் முகம் பார்ப்பதில்லை, மாறுகண்ணாக இருக்குமோ என்று போன மாதம் கேட்டிருந்தேன். முதலில் கண் மருத்துவரிடம் காட்டச் சொன்னீர்கள். காட்டினோம். மாறுகண் இல்லை, பார்வையும் சரி.

அப்புறம் குழந்தை வளர்ச்சி மருத்துவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தார். ஆட்டிசம் என்றார். ஒளி, அசைவு மீதான அளவுகடந்த ஈர்ப்பு 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநல நோயறிதல் கையேட்டிலேயே ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்வதில்லையாம். கண்ணின் ஓரப்பார்வைக்கு நுணுக்கம் தெரியாது, அசைவு நன்றாகத் தெரியும்; அவன் தலையைச் சாய்ப்பது அதனாலும் இருக்கலாம் என்றார்.

"என்னைப் பாரு" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவதை விட்டுவிட்டேன் (நினைத்தால் இன்னும் கூசுகிறது). இப்போது நானும் பக்கத்தில் படுத்துச் சக்கரத்தைப் பார்க்கிறேன். நேற்றுச் சுழல்வது நின்றதும் காரை என் கையில் வைத்துவிட்டு, அரை நொடி என் முகத்தைப் பார்த்தான். மறுபடி சுற்ற வேண்டுமாம்.

பேச்சுப் பயிற்சி அடுத்த வாரம் தொடங்குகிறது.