ஒரே நம்பர் போட்டா ரெண்டு விதமான லாகின் பக்கம் வருது: மாடி ரவுட்டர் செட்டிங்ஸுக்குள்ள எப்படிப் போறது?

மாடி_டியூஷன்:

வணக்கம். பாளையங்கோட்டையில இருந்து எழுதுறேன். கீழ் வீட்டுல மாமனார், மாமியார். மாடியில நான் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கேன். கொரோனா நேரத்துல ஆன்லைனுக்குப் போன பிள்ளைகள்ல பாதிப் பேரு திரும்பி வரவே இல்ல, ஓசூர்லயும் துபாய்லயும் உக்காந்துக்கிட்டு அங்க இருந்தே படிக்குதுங்க. மாடியில நெட் நின்னா என் வகுப்பும் நிக்கும்.

ஃபைபர் பெட்டி கீழ ஹால்ல, டிவி பக்கத்துல இருக்கு. நடுவுல கான்கிரீட் தளம். மாடியில சிக்னல் ஒரு கோடு நின்னா அதிசயம். பரண்ல ஒரு பழைய ரவுட்டர் கிடந்துச்சு, வீட்டுக்காரருக்கு முந்தின ஆபீஸ்ல வேண்டாம்னு கொடுத்தது. எலக்ட்ரீஷியன் தம்பியை வச்சு கீழ் பெட்டியில இருந்து மாடிக்கு லான் வயர் இழுத்து அதுல மாட்டியாச்சு. பின்னாடி நாலு மஞ்சள் ஓட்டை, ஒரு நீல ஓட்டை. நீலத்துல போட்டா எதுவுமே வரல. மஞ்சள்ல போட்டா வருது, ஆனா அதுக்கு எப்போ தோணுதோ அப்போ வருது. என் லேப்டாப்புல நெட் இருக்கும், அதே நேரம் போன்ல "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை"ன்னு காட்டும். அரை மணி நேரத்துல அது தலைகீழா மாறும்.

இதுல கீழ் வீட்டு டிவியும் சேர்ந்து சுத்த ஆரம்பிச்சிருக்கு. மாமனார் சாயங்காலம் யூடியூப்ல நாதஸ்வரக் கச்சேரி போடுவார். தனி ஆவர்த்தனம் வரும்போது சரியா நிக்குது. "மாடியில என்னமோ மாட்டுனதுல இருந்துதான்"ங்கார். அவர் சொன்னா நாங்க யாரும் ஒத்துக்கிறதில்ல, ஆனா எனக்கும் அப்படித்தான் தோணுது.

சரி, செட்டிங்ஸைப் பார்ப்போம்னு லேப்டாப்புல 192.168.1.1 போட்டேன். ஒரு தடவை வெள்ளையா, நெட் கம்பெனி லோகோவோட ஒரு லாகின் பக்கம் வருது. இன்னொரு தடவை பச்சைப் பட்டை போட்ட பழங்காலத்துப் பக்கம். ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கிற அட்மின் பாஸ்வேர்டு பச்சையில ஏறுது, வெள்ளையில தப்புங்குது. கொஞ்ச நேரத்துல வெள்ளைப் பக்கம் "சிறிது நேரம் கழித்து முயலவும்"னு பூட்டிக்குது. பச்சையில உள்ள போயி ஏதாவது மாத்தி சேவ் அமுக்கினா மறுபடியும் வெள்ளை லாகின் வந்து நிக்குது. போன்ல போட்டா பாதி நேரம் பக்கமே திறக்கல.

நெட் கம்பெனிக்கு போன் போட்டா, "எங்க பெட்டி நல்லா இருக்கு மேடம், உங்க சொந்த ரவுட்டருக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு வச்சுட்டாங்க. பழைய ரவுட்டர் கெட்டுப்போச்சா? புதுசு வாங்கணுமா? வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னுதான்.

பாதிராத்திரி_பறவை:

ரெண்டு பெட்டியிலயும் பின்னாடி குட்டி ஓட்டை இருக்கும். ஊக்கு விட்டு 10 செகண்ட் அமுக்குங்க. ரெண்டும் ரீசெட் ஆயிடும். எல்லாம் புதுசா ஆரம்பிக்கும்.

கிரிம்பிங்_டூல்:

அக்கா, மேல சொன்னதைச் செஞ்சிராதீங்க! பழைய ரவுட்டரை ரீசெட் பண்ணலாம், தப்பில்ல. கீழ இருக்கிற ஃபைபர் பெட்டியைத் தொடவே வேண்டாம். அதுக்குள்ள, கம்பெனி நெட்டோட சேர்றதுக்குக் கம்பெனிக்காரன் போட்ட யூசர் பேரு, பாஸ்வேர்டு (பிபிபிஓஇ-ம்பாங்க), லைனைப் பிரிச்சுக் காட்டுற விலான் நம்பர் எல்லாம் இருக்கும். ரீசெட் பண்ணினா அதுவும் சேர்ந்து அழியலாம். சில கம்பெனி பெட்டிகள் தானாவே திரும்ப எடுத்துக்கும், சிலது எடுத்துக்காது. எடுக்கலன்னா ஆள் வர்ற வரைக்கும் மாடிக்கும் இல்ல, கீழயும் இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இப்படிப் பண்ணிட்டு திங்கக்கிழமை வரைக்கும் உக்காந்திருந்த வீடுகளுக்கு நான் போயிருக்கேன்.

புது ரவுட்டரும் வாங்காதீங்க. உங்களோடது கெட்டுப்போகல.

ஓய்வு_எக்ஸ்சேஞ்ச்:

அம்மா, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகளுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி. அதனால்தான் இரண்டு பக்கங்கள்.

192.168 என்று தொடங்கும் எண்கள் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே மட்டும் பயன்படுத்த ஒதுக்கப்பட்டவை. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணத்தில் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று மூன்று தொகுதிகளை ஒதுக்கினார்கள். வெளி இணையத்தில் இவை செல்லாது. ஆகையால் உலகத்தில் எத்தனை வீட்டில் வேண்டுமானாலும் 192.168.1.1 இருக்கலாம், சண்டை வராது. ஒரே வீட்டில் இரண்டு இருந்தால்தான் வம்பு. நம் ஊரில் கதவு எண்களை மாற்றியபோது, ஒரு வீட்டின் பழைய எண்ணும் அதே தெருவில் இன்னொரு வீட்டின் புது எண்ணும் ஒன்றாகிப் போய், தபால் எந்த வீட்டுக்குப் போகும் என்றே தெரியாமல் இருந்ததே, அதே கதைதான்.

உங்கள் லேப்டாப் "192.168.1.1 யார்?" என்று கம்பியில் கூவுகிறது. இரண்டு பெட்டிகளும் "நான்" என்கின்றன. எந்தப் பதில் லேப்டாப்பின் நினைவில் தங்குகிறதோ, அந்தப் பெட்டிக்கே எல்லாம் போகும். மாடிப் பெட்டிக்குப் போனால் இணையம் கிடைக்காது, ஏனென்றால் அதன் நீலத் துளையில் ஒன்றும் இல்லை, வெளியே போக அதற்கு வழி கிடையாது. மஞ்சள் துளையில் செருகியதால் இரண்டு பெட்டிகளும் ஒரே வலையில் இருக்கின்றன. உங்கள் மாமனாரின் டிவியும் அதே வலையில்தான். கச்சேரியின் நடுவில் அதற்கும் தவறான "நான்" கிடைத்திருக்கும். அவர் சொன்னது சரி.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி. லேப்டாப் விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கில எழுத்தில் ஏ-ஆர்-பி, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஏ என்று அடியுங்கள். 192.168.1.1-க்கு எதிரே ஆறு ஜோடியாக எழுத்தும் எண்ணும் வரும். அது பெட்டியின் மேக் முகவரி, அதாவது தயாரிக்கும்போதே அதற்குக் கொடுத்த அடையாள எண். மாடி ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கருடன் ஒப்பிடுங்கள். கடைசி எழுத்து ஒன்றிரண்டு மாறியிருந்தால் கவலை வேண்டாம், ஒரே பெட்டிக்குள் நீலத் துளைக்கு ஒன்று, மஞ்சள் துளைகளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று தனித்தனி மேக் இருப்பது வழக்கம். வெள்ளைப் பக்கம் வரும்போது ஒரு முறையும், பச்சைப் பக்கம் வரும்போது ஒரு முறையும் பாருங்கள்.

மாடி_டியூஷன்:

அய்யா, பார்த்துட்டேன். பச்சை வரும்போது ஸ்டிக்கர்ல இருக்கிற அதே நம்பர். வெள்ளை வரும்போது முழுக்க வேற, கீழ போயி ஃபைபர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தா அதோட நம்பர். கதவு எண் கதை நல்லாப் புரிஞ்சுது, எங்க தெருவுலயே இருக்கு. மாமனார்கிட்ட "அவர் சொன்னது சரி"ங்கிற வரியை மட்டும் இன்னும் படிச்சுக் காட்டல.

இப்போ மாத்தணும்னா எதை மாத்தணும்? மாடியிலதானே?

கிரிம்பிங்_டூல்:

மாடியிலதான். வரிசை முக்கியம்க்கா, தப்பினா நடுவுல மாட்டிக்குவீங்க.

முதல்ல கீழ இருந்து வர்ற வயரை மாடி ரவுட்டர்ல இருந்து உருவிடுங்க. லேப்டாப்புல வைஃபையை அணைச்சுட்டு, ஒரு சின்ன லான் வயர்ல லேப்டாப்பையும் ரவுட்டரோட மஞ்சள் ஓட்டையையும் இணைங்க. இப்போ அந்த வலையில ரெண்டு பேர்தான், சண்டைக்கு மூணாவது ஆள் இல்ல. பிரவுசர்ல முகவரி போடும்போது முன்னாடி எச்டிடிபி, முக்காற்புள்ளி, ரெண்டு சாய்கோடு சேர்த்தே அடிங்க. எஸ் வேண்டாம். இல்லன்னா சில பிரவுசர் பாதுகாப்பு இல்லன்னு மிரட்டும், சிலது கூகுள்ல தேடப் போயிடும். பச்சைப் பக்கம்தான் வரணும்.

உள்ள லான் அல்லது நெட்வொர்க்னு ஒரு இடம் இருக்கும். அங்க 192.168.1.1-ஐ 192.168.1.2-ன்னு மாத்தி சேவ் பண்ணுங்க. சேவ் பண்ணினதும் பக்கம் சுத்திக்கிட்டே நிக்கும். போச்சுன்னு பயந்துராதீங்க, வீடே மாறிடுச்சு, பழைய முகவரியில யாரு பதில் சொல்லுவா. புது நம்பரைப் போட்டு மறுபடி உள்ள போங்க.

அப்புறம் வைஃபை பேரு, பாஸ்வேர்டு எல்லாம் வச்சு முடிங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு, கடைசியா, டிஹெச்சிபியை அணைங்க. ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் முகவரி கொடுக்கிறது அதுதான். முகவரி பங்கு போடுற வேலையை இனிமே கீழ் பெட்டி மட்டும் பார்க்கட்டும். அணைச்ச பிறகு லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க மாடியில ஆள் இருக்காது, 169.254-ன்னு ஏதோ தானா வச்சுக்கும். அதனாலதான் இது கடைசி. இப்போ கீழ வயரை மஞ்சள்ல செருகுங்க. நீலம் காலியா இருக்கட்டும்.

உங்க ரவுட்டர்ல அதை வெறும் வைஃபை பெட்டியா மட்டும் மாத்துற "ஆக்சஸ் பாயின்ட் மோடு"ன்னு ஒரு பொத்தான் இருந்தா இதுல பாதியை அதுவே செஞ்சுடும். பழசுல பெரும்பாலும் இருக்காது.

ஓய்வு_எக்ஸ்சேஞ்ச்:

தம்பி சொன்னதில் ஒன்றே ஒன்று. 192.168.1.2 வேண்டாம். பல ஃபைபர் பெட்டிகள் 2-இலிருந்தே முகவரிகளைப் பங்கிடத் தொடங்குகின்றன. நாளைக்கு மாமனாரின் போனுக்கு அந்த 2 கிடைத்தால் பழைய சண்டை புது உருவத்தில் வரும். வெள்ளைப் பக்கத்தின் லாகின் கீழ் பெட்டியின் ஸ்டிக்கரில் இருந்தால் உள்ளே போய் டிஹெச்சிபி எல்லையைப் பாருங்கள். அதற்கு வெளியே உள்ள ஓர் எண்ணை மாடிக்கு வையுங்கள். 2 முதல் 254 வரை முழுவதும் கொடுத்திருந்தால், முடிவை 200 என்று குறைத்துவிட்டு மாடிக்கு 250 வைக்கலாம்.

கிரிம்பிங்_டூல்:

சார் சொல்றது சரி. நான் வேலை பார்க்கிற இடத்துல எல்லாம் 100-ல இருந்து ஆரம்பிக்கிற பெட்டிகள்தான், அந்தப் பழக்கத்துல சொல்லிட்டேன். 250-யே வைங்கக்கா.

இன்னொன்னு. சில கம்பெனி ரவுட்டர் ஸ்டிக்கர்ல நம்பருக்குப் பதிலா ஒரு பேர் முகவரி போட்டிருக்கும். கடைசிப் படி முடிஞ்ச பிறகு அதை நம்பாதீங்க. ரவுட்டர் வழியா போற கேள்வியை அதுவே பிடிச்சுப் பதில் சொல்றதாலதான் அந்தப் பேரு வேலை செய்யுது, இப்போ கேள்வியெல்லாம் கீழ் பெட்டிக்குப் போகும். டிபி-லிங்க் பழைய பெட்டிகள்ல அச்சடிச்ச டிபிலிங்க்லாகின் டாட் நெட் 2016-லயே கம்பெனி கையை விட்டுப் போயிடுச்சு. ஸ்டிக்கர் மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. நம்பரைப் போடுறதுதான் நல்லது.

மாடி_டியூஷன்:

ஞாயித்துக்கிழமை வகுப்பு இல்லாதப்போ உக்காந்து முடிச்சேன். கீழ் பெட்டி 2-ல இருந்து 254 வரைக்கும் மொத்தமா எழுதி வச்சிருந்துச்சு, அய்யா சொன்ன மாதிரியே! 200-க்குக் குறைச்சு மாடிக்கு 250 வச்சாச்சு. சேவ் பண்ணினதும் பக்கம் நின்னுச்சு, தம்பி முன்னாடியே சொல்லியிருந்ததால நானும் அசையல. டிவி சுத்தறது நின்னுபோச்சு.

ரெண்டு சந்தேகம். நடுவுல போன்ல இருந்து பச்சைப் பக்கத்துக்குப் போகப் பார்த்தேன், கடைசி வரைக்கும் வரல. லேப்டாப்புல மட்டும் வருது. அது ஏன்? அப்புறம், மாடிக்கும் கீழுக்கும் வைஃபை பேரு ஒண்ணா இருக்கலாமா, வேற வேறயா?

ஓய்வு_எக்ஸ்சேஞ்ச்:

வயரை உருவியிருந்த நேரத்தில் மாடி வைஃபையில் இணையம் இல்லை. போன் அதைக் கண்டுபிடித்து, கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அங்கே 192.168.1.1 என்று யாரும் இல்லை. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயன்றிருந்தால் திறந்திருக்கும். விபிஎன் செயலி ஏதாவது ஓடினாலும் இதே தொல்லைதான்.

கிரிம்பிங்_டூல்:

பேரும் பாஸ்வேர்டும் ஒண்ணாவே வைங்க, படி ஏறும்போது போன் தானா மாறிக்கும். மாறுறதுக்குச் சில போன் சோம்பல் படும், வைஃபையை ஒரு தடவை அணைச்சுப் போட்டா சரியாயிடும். சேனல், அதாவது வைஃபை ஓடுற அலைவரிசை, மட்டும் வேற வேற இருக்கணும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல கீழ 1 வச்சா மாடிக்கு 6 அல்லது 11. 5 கிகாஹெர்ட்ஸ் அந்தக் கான்கிரீட்டைத் தாண்டாது, அதைப் பத்திக் கவலை வேண்டாம். அட்மின் பாஸ்வேர்டு ஸ்டிக்கர்ல இருக்கிறதேயா? மாத்திடுங்க, பழைய ஆபீஸ்ல எத்தனை பேருக்குத் தெரியுமோ.

வேகத்தையும் ஒரு தடவை பாருங்க. எலக்ட்ரீஷியன் எட்டுக் கம்பியில நாலை மட்டும் கிரிம்ப் பண்ணியிருந்தா 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல போகாது. உங்க வகுப்புக்கு அதுவே தாராளம், பிளானை ஏத்தினா மட்டும் நினைவு வச்சுக்கோங்க. நீல ஓட்டை மேல ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, பெட்டி அடியில மார்க்கர்ல 192.168.1.250-ன்னு எழுதி வைங்க. வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வர்றவங்க எல்லாத்தையும் உருவிட்டு, தோணுன ஓட்டையிலதான் திரும்பச் செருகுவாங்க.