16 ஆன்டெனா வரிசை: என் ஜெனட்டிக் அல்காரிதம் திருட்டு வேலை செய்கிறதா?

ஈசூன்வாசி:
பகலில் சிங்கப்பூர் துவாஸில் வேலை, இரவில் பகுதிநேரப் பட்டப்படிப்பு. இறுதியாண்டு புராஜெக்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 16 ஆன்டெனாக்கள், ஒரே கோட்டில், அரை அலைநீள இடைவெளியில் (6.25 செ.மீ.). எல்லாவற்றுக்கும் ஒரே மின்னோட்டம் கொடுத்தால் சைட் லோப் (பக்கவாட்டில் சிதறும் கதிர்), மெயின் லோப்பைவிட (நடுவில் உள்ள முதன்மைக் கதிர்) 13 டெசிபெல்தான் இறங்குகிறது. அதனால் எதற்கு எவ்வளவு மின்னோட்டம் என்பதை ஜெனட்டிக் அல்காரிதத்திடம் (ஜிஏ: பல விடைகளைக் கலந்து, நல்லவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் செல்லும் தேடல் முறை) விட்டேன். சமச்சீர் என்பதால் 8 எண்கள்தான். ஒரு தலைமுறைக்கு 60 விடைகள், 300 தலைமுறை. புளோக்குக்குக் கீழே வாங்கிய கோப்பி ஆறுவதற்குள் சைட் லோப் மைனஸ் 45 டெசிபெல்! துள்ளிக் குதித்தேன். அப்புறம் படத்தைப் பார்த்தால், 6 டிகிரி சொச்சம் அகலம் இருந்த மெயின் லோப் 10 டிகிரிக்கு ஊதிக் கிடக்கிறது. கோடில் தவறா?

பழைய ரேடார்க்காரன்:
கோடில் இல்லை தம்பி, நீங்கள் கேட்டதில்தான். சைட் லோப்புக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் அது லோப்பை ஊதவைத்துத்தான் பிழைக்கும். அகலம் 7.5 டிகிரியைத் தாண்டினால் மதிப்பெண்ணை வெட்டுங்கள்.

ஆனால் இதற்கு ஜிஏ எதற்கு? மலையைக் கெல்லி எலி பிடிக்கிறீர்கள். சீரான இடைவெளி, மின்னோட்டம் மட்டும் மாறும் என்றால் 1946இலேயே டால்ஃப் என்ற ஆய்வாளர், செபிஷெவ் பல்லுறுப்புக்கோவை என்ற கணிதச் சூத்திரத்தை வைத்து விடை சொல்லிவிட்டார். குறிப்பிட்ட சைட் லோப்புக்கு அதைவிட ஒடுங்கிய கதிர் கிடைக்காது. ஜிஏவுக்கு வேலை இருப்பது சிலவற்றை அணைத்துவைக்கும் மெலிந்த வரிசையில். ராண்டி ஹாப்ட் என்ற ஆன்டெனா ஆய்வாளர் 1994இல் செய்தது அதுதான். அங்கே சூத்திரம் கைகொடுக்காது.

மின்காந்தம்:
அதற்கும் 16 போதாது. சமச்சீர் என்றால் 256 சேர்க்கைகள்தான், எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். 200 ஆன்டெனா என்றால் சேர்க்கைகளின் எண்ணிக்கையே 31 இலக்கம்.

இன்னொன்று, உங்கள் சூத்திரத்தில் பக்கத்து ஆன்டெனாவின் பாதிப்பே இல்லை. நேரில் அளந்தால் மைனஸ் 45 நிற்காது. 2006இல் நாசா எஸ்டி5 விண்கலங்களில் அனுப்பிய, வளைத்த பேப்பர் கிளிப் மாதிரியான ஆன்டெனாவும் இப்படிப் பரிணாமத்தில் பிறந்ததுதான். அதை முழு மின்காந்த சிமுலேஷனில் ஓட்டித்தான் மதிப்பெண் போட்டார்கள்.

ஈசூன்வாசி:
அண்ணன்மாருக்கு நன்றி. எம்ஆர்டியில் வரும்போதே செபிஷெவ் போட்டுப் பார்த்தேன்: சைட் லோப் மைனஸ் 30, அகலம் சுமார் 8 டிகிரி. வயிற்றெரிச்சல்தான். சிக்கல் என்னவென்றால், அங்கீகரித்த தலைப்பிலேயே ‘ஜெனட்டிக் அல்காரிதம்’ இருக்கிறது. தலைப்பு அப்படியே இருக்கட்டும், 16ஐ 200 ஆக்கிக்கொள்கிறேன் என்று விரிவுரையாளருக்கு எழுதியிருக்கிறேன். கணினியில் மட்டும்தான், 200 ஆன்டெனா வாங்க என் சம்பளம் தாங்காது.