மலைப்பாதையில் கண்ணில் படும் மரங்கள்: அடையாளமும் பயன்பாடும்

கொல்லிமலை, கல்வராயன், சதுரகிரி என்று எந்த மலையில் ஏறினாலும் அடிச்சரிவில் வெட்பாலை இருக்கும். இலையைக் கிள்ளினால் பால் வரும். பால் வரும் மரமெல்லாம் வெட்பாலை ஆகாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்திலேயே குடசப்பாலையும் நிற்கும், அதற்கும் பால், அதற்கும் வெள்ளைப் பூ. காயைப் பாருங்கள். வெட்பாலையின் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு இடுக்கி மாதிரி தொங்கும். குடசப்பாலையின் காய்கள் மெலிந்து, நுனி ஒட்டாமல் தனித்தனியாகத் தொங்கும். இலையும் பெரிது. மருந்தும் வேறு: குடசப்பாலையில் எடுப்பது கசக்கும் பட்டை, அது சீதபேதிக்கு. வெட்பாலையில் எடுப்பது இலை, தலைப்பொடுகுக்கும் காளாஞ்சகப்படைக்கும் (சோரியாசிஸ்) வெளிப்பூச்சாக.

பூசுவதற்கான வெட்பாலை எண்ணெய் எடுக்கும் முறை எளிது. இலையும் தேங்காய் எண்ணெயும் சம எடை. இலையைக் கத்தி படாமல் கையால் கிள்ளிப் போடுவது வழக்கம். கண்ணாடிச் சாடியில் எண்ணெய்க்குள் இலை முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். வாயை மெல்லிய துணியால் கட்டி ஏழு நாள் நல்ல வெயிலில் வைக்க வேண்டும். இரண்டொரு நாளிலேயே ஊதா நிறம் இறங்கத் தொடங்கி, கடைசியில் நாவல்பழச் சாறு போல ஆகிவிடும். நிறமே வரவில்லை என்றால் இலையை மறுபடி பார்க்க வேண்டியதுதான். பெரும்பாலும் கெடுவது ஈரத்தால். விடிகாலையில் பறித்த பனி ஈரத்தோடு போட்டால் மூன்றாம் நாள் மேலே பூஞ்சணம் கட்டி, எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். பறித்த இலையைத் துடைத்து, நிழலில் சிறிது நேரம் பரப்பிவிட்டுப் போடுங்கள்.

மரமும் வீணில்லை. வெள்ளையாக, இழை நெருக்கமாக இருப்பதால் கடைசல் வேலைக்கு உகந்தது. கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகள் மரபாக இந்த மரத்தில் செய்யப்படுபவைதான்.

* * *

வெட்பாலைக்கு மேலே கொஞ்சம் ஏறினால் கடுக்காயும் தான்றியும். இரண்டும் ஒரே குடும்பம். காய் கீழே கிடந்தால் குழப்பமில்லை. கடுக்காயில் நீளவாக்கில் ஐந்து வரம்பு தெரியும். தான்றிக்காய் உருண்டை, மேலே சாம்பல் நிற வெல்வெட் பூச்சு. கடுக்காய் மரத்தின் இலையில் கொம்பு மாதிரி வீங்கிய முடிச்சுகளைப் பார்க்கலாம். அதை நாட்டுமருந்துக் கடையில் ‘கடுக்காய்ப்பூ’ என்று விற்கிறார்கள். உண்மையில் பூச்சி முட்டையிட்டதால் இலை புடைத்து உண்டாவது அது.

கடுக்காய்ப் பொடி செய்கிறவர்கள் மறக்கக் கூடாதது: ‘இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு.’ காயைக் கல்லில் தட்டி உடைத்து, கொட்டையைப் பொறுக்கி எறிந்துவிட்டுத் தோலை மட்டும் இடிக்க வேண்டும். முழுக்காயை அப்படியே மிக்ஸியில் போடுவது தவறு.

மருந்தைவிட இதன் துவர்ப்புச் சத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். கையால் படம் தீட்டும் கலம்காரித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் முதலில் நனைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறும். பால் மை கசியாமல் தடுக்கும். பிறகு இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளித்த நீரால் கோடு போட்டால், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கன்னங்கரேலென்று பிடித்துக்கொள்ளும். கடுக்காயில் நனைக்காத துணியில் அந்தக் கறுப்பு ஊன்றாது. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்திலும் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளிக்கவிட்ட நீரை வடிகட்டித்தான் சேர்த்தார்கள். நீரை வடிகட்டாமல் ஊற்றினால் சக்கை சாந்துக்குள் அங்கங்கே நின்றுவிடும்.

* * *

மேலே சொன்ன அதே உயரத்தில் தொடக்கூடாத மரம் ஒன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சேங்கொட்டை. கிளை நுனியில் கொத்தாக, முழ நீளம்கூட வரும் அகன்ற இலைகள், அடிப்புறம் வெளுப்பு. ஆரஞ்சு நிறச் சதைக்காம்பின் நுனியில் கறுப்புக் கொட்டை, முந்திரிப்பழத்தின் சிறு வடிவம். வண்ணார் துணியில் குறியிட்டது இந்தக் கொட்டையின் எண்ணெயால்தான், எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. அதே எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம். கொட்டையை உடைக்காதீர்கள், கிளையை ஒடித்து ஊன்றுகோல் ஆக்காதீர்கள், விறகாக எரிக்காதீர்கள், புகைகூட ஆகாது. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். நகக்கண்ணும் சட்டைக் கையும் முக்கியம், அங்கிருந்துதான் முகத்துக்கும் கண்ணுக்கும் போகும். சித்த மருத்துவத்தில் இதைச் சுத்தி செய்த பிறகே சேர்ப்பார்கள், வீட்டில் முயலக் கூடாது.

* * *

கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு பற்றி: பெயரில் கிழங்கு, ஆனால் இது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணியின் தண்டு. செடிக்கு இருவகை இலை. அடியில் காய்ந்த பழுப்பு இலைகள் கூடு மாதிரி நின்று சருகைச் சேர்த்து உரமாக்கும். பச்சை இலை மேலே நீளும். வாங்கும்போது ஒரு துண்டை நறுக்கச் சொல்லுங்கள். உள்ளே வெளிர்பச்சையாக, ஈரமாக இருந்தால் புதிது.

சூப் நான்கு பேருக்கு நூறு கிராம் போதும். மேலே ஆட்டுரோமம் போன்ற பழுப்புச் சுணையை முழுவதும் சீவி எடுக்க வேண்டும்; மீந்தால் தொண்டையில் உறுத்தும். மெல்லிய வில்லையாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஐந்தாறு பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தோடு அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கொதிக்கவிட்டு முக்கால் லிட்டராக வற்றவிட்டு வடிகட்டுங்கள். அரைக்காமல் வில்லையாகவே போட்டால் சாறு சரியாக இறங்காது. மூட்டு வலிக்கு என்று குடிக்கிறார்கள்.

பாறையிலிருந்து பெயர்த்தெடுப்பவர்கள் சுணை அடர்ந்த வளரும் நுனியை விட்டுவிட்டால் அது மறுபடி படரும். நுனியோடு சேர்த்து உரித்தால் அந்தப் பாறை மொட்டைதான்.

* * *

அந்தக் கவலை மாகாளிக்கிழங்குக்கு இன்னும் பொருந்தும். பாறை இடுக்கில் கொடியாகப் போகும் இது ஊறுகாய்க்காகவே தோண்டித் தீர்க்கப்படுகிறது. தோண்டுபவர் எல்லா வேரையும் உருவிவிடுகிறார். தண்டுக்கு நெருக்கமாக இரண்டு வேரை விட்டு மண்ணை மூடினால் கொடி பிழைக்கும். காப்புக்காட்டில் நாமாகத் தோண்டுவது குற்றம். 2006 வன உரிமைச் சட்டப்படி சிறு வன மகசூலில், அதாவது மரமல்லாத காட்டு விளைபொருளில், உரிமை உள்ள பழங்குடியினரிடம் வாங்குவதே முறை.

ஒரு கிலோ வேரை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால் மண் கழலும். தோலைச் சீவி, பிளந்து, நடுநரம்பைக் கட்டாயம் நீக்க வேண்டும். அது மரக்குச்சி, எத்தனை மாதம் ஊறினாலும் மெல்ல முடியாது. நறுக்க நறுக்கத் துண்டுகளை உப்புப் போட்ட மோரில் போடுங்கள், வெளியே வைத்தால் கறுத்துவிடும். பிறகு புளித்த கெட்டித் தயிர் ஒரு லிட்டர், உப்பு நூற்றைம்பது கிராம், மிளகாய்த்தூள் நூறு, கடுகுப்பொடி ஐம்பது, கொஞ்சம் மஞ்சள். உப்பைக் குறைத்தால் தயிர் கெட்டுப் பொங்கும். முதல் பத்து நாள் தினமும் உலர்ந்த மரக்கரண்டியால் அடிவரை கிளறிவிட வேண்டும்.