முழங்காலில் பிஆர்பி, ஸ்டெம் செல் போட்டுக்கொண்டவர்கள்: நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்

எனக்கு 54 வயது. வலது முழங்கால். படி ஏறுவதைக்கூடச் சமாளித்துவிடுவேன், இறங்கும்போதுதான் உயிர் போகும். எக்ஸ்ரே பார்த்துத் தேய்மானம் நான்கில் 2ஆம் நிலை என்றார்கள். மாத்திரை, பயிற்சி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பிஆர்பி, அதாவது நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாக எடுத்துப் போடும் ஊசிக்குச் சம்மதித்தேன்.

கையில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுற்றவிட்டு, குழாயை என்னிடமே காட்டினார்கள். அடியில் கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர், நடுவே நகத்தின் கனத்துக்கு வெளிறிய ஒரு கோடு. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கின்றன என்றார் டாக்டர். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 முதல் 4.5 லட்சம் தட்டணுக்கள் இருக்கும். அதைச் சில மடங்கு செறிவாக்கி மூட்டுக்குள் செலுத்துகிறார்கள். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு (ஜவ்வு என்பார்களே, அதற்கு) ரத்தக்குழாயே கிடையாது. அடிபட்டால் மற்ற இடங்களில் ரத்தம் வந்து செய்கிற வேலை அங்கே நடக்காது. அந்த வேலைக்கான வளர்ச்சிக் காரணிகளை, அதாவது திசுவை ஆறத் தூண்டும் புரதங்களை, நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதுதான் இதன் கணக்கு.

இபுப்ரூஃபன் வகை மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். ஊசிக்குப் பிறகும் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான். முதல் மூன்று நாள் முழங்கால் காற்றடைத்த பந்து மாதிரி விறைத்துக் கிடந்தது. அப்படி ஆகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் ராத்திரி முழுக்கப் பயந்திருக்க மாட்டேன். புதிதாகப் போடுகிறவர்கள் தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வாரம் ஒன்றாக மூன்று ஊசி. இரண்டாவது மாதம் கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினேன். பத்து மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் வலி மெல்லத் திரும்பியது. புது எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி பழைய அளவுதான். வலி குறைந்தது என்று தைரியமாகச் சொல்வேன், ஜவ்வு வளர்ந்தது என்று சொல்ல மாட்டேன்.

* * *

அக்கா, வலி வேறு, வளர்ச்சி வேறு என்று நீங்கள் பிரித்துச் சொன்னதை எனக்கு யாருமே சொல்லவில்லை. எனக்கு 4ஆம் நிலை, எலும்போடு எலும்பு உரசுகிறது. அந்த நிலையிலும் "ஸ்டெம் செல் போட்டால் ஜவ்வு புதிதாக முளைக்கும்" என்றார்கள். குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சினார்கள். மரத்துப்போன இடத்திலும் உறிஞ்சுகிற அந்த நொடி கால்வரை இழுத்தது. இன்றும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மஜ்ஜையில் எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ மாறக்கூடிய ஸ்டெம் செல் பத்தாயிரம் செல்லுக்கு ஒன்று இருந்தாலே அதிகம் என்பது பிறகுதான் தெரிந்தது. 1991இல் அதற்கு 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்த அமெரிக்க ஆய்வாளர் ஆர்னால்ட் கேப்லனே, 2017இல் அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதினார். அந்தச் செல்கள் புதுத் திசுவாக மாறுவதைவிட, சுற்றியுள்ள செல்களுக்குச் சமிக்ஞை அனுப்புவதுதான் முக்கியம் என்பது அவர் வாதம். ஒரு வருடம் காத்திருந்தேன், ஒரு மாற்றமும் இல்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு இப்போது நடக்கிறேன். அந்த ஒரு வருடத்தை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

* * *

என் கதை வேறு. 29 வயதில் பந்து விளையாடி விழுந்ததில் குருத்தெலும்பில் ஒரே ஒரு இடத்தில் குழி. சுற்றிலும் நல்ல நிலை. எனக்குச் செய்தது செல் வளர்ப்பு முறை, ஸ்வீடன் மருத்துவர்கள் 1994இல் வெளியிட்டது. எடை தாங்காத ஓரத்திலிருந்து துணுக்கு எடுத்து, ஆய்வகத்தில் சில வாரம் வளர்த்து, இன்னொரு அறுவையில் குழிக்குள் வைத்தார்கள். ஆறு வாரம் ஊன்றுகோல். ஓட ஒரு வருடம் ஆனது. ஸ்கேனில் குழி நிரம்பியிருக்கிறது. ஆனால் மூட்டு முழுக்கத் தேய்ந்தவர்களுக்கு இது ஒத்துவராது என்று எனக்குத் தெளிவாகவே சொன்னார்கள்.

* * *

முதலில் எழுதியவள்தான். ஸ்டெம் செல் போட்டுக்கொண்ட தம்பி, நீங்கள் வீணாகக் காத்திருந்த அந்த ஒரு வருடத்தைப் படித்ததும் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2021இல் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில் என்னைப் போன்ற நிலையில் இருந்த 288 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பிஆர்பி, மறு பாதிக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 12 மாதம் கழித்து இரண்டு பிரிவினருக்கும் வலி குறைந்திருந்தது. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பின் அளவிலும் இல்லை. என் பத்து மாதமும் அப்படி வந்ததாக இருக்கலாம். படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த ஊசியைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடைத் தசைக்கான பயிற்சியைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறேன். இன்று பதினோராவது நாள்.