பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும் (மாவில் வச்ச நூல் திரியைக் கொளுத்தி வாங்கிக்கிற சடங்கு) படம் போனோட ஆட்டோ மோடில் மெழுகு பொம்மை மாதிரி வருது. செட்டிங்கா, போனே மாத்தணுமா?

கோட்டையூர் தம்பி:
உதவி வேணும். போன் 18 ஆயிரம் ரக ஆண்ட்ராய்டு. மெயின் கேமரா 50 மெகாபிக்சல், எஃப் 1.8, ஓஐஎஸ் (கை நடுக்கத்தை ஈடுகட்டுற வசதி) உண்டு. அல்ட்ராவைடு (அகலமா எடுக்கிற கேமரா) 8 மெகாபிக்சல், எஃப் 2.2. அப்புறம் 2 மெகாபிக்சல் மேக்ரோ ஒண்ணு. எல்லாப் படமும் ஆட்டோ, ஃபிளாஷ் இல்லை. எடுத்த இடம் வளவு, வீட்டு நடு முற்றம். சாமி முன்னாடி குத்துவிளக்கு, பட்டாலையில் வெள்ளை எல்இடி பல்ப் ஒண்ணு.

கோளாறு நாலு.
1. ஐயா மாவில் இழையைக் கொளுத்திக் கொடுக்கிற படம். முகம் வழவழன்னு மெழுகு, விரல் ரெட்டை ரெட்டையா இருக்கு, சுடர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை உருண்டை.
2. வளவு முழுசும் வர்ற மாதிரி எடுத்தது. தூண் எல்லாம் புள்ளி, மூலை எல்லாம் சேறு.
3. விளக்கு இருக்கிற படம் எல்லாத்துலயும் எதிர் மூலையில் பச்சைப் புள்ளி.
4. வீடியோவில் கருப்புப் பட்டை ஓடுது.

தையில் வீட்டில் சாந்தி இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணணும்.

செக்காலை ரோடு:
மாத்துறதைப் பத்தி அப்புறம் பேசலாம். கேலரியில் படத்தைத் திறந்து மேலே தள்ளினா விவரம் வரும். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் (எவ்வளவு நேரம் திறந்திருந்தது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு ஏத்திச்சு), எஃப் எண் (லென்ஸ் வாயோட அளவு, எண் குறைஞ்சா வெளிச்சம் கூடும்) மூணையும் போடுங்க. இன்னொண்ணு, பின்னாடி லென்ஸ் மேல பாதுகாப்புக் கண்ணாடி ஏதும் ஒட்டியிருக்கா?

கோட்டையூர் தம்பி:
முதல் படம் 1/14, ஐஎஸ்ஓ 3200, எஃப் 1.8. வளவு படம் 1/10, ஐஎஸ்ஓ 4000, எஃப் 2.2. பச்சைப் புள்ளி வந்தது 1/17, ஐஎஸ்ஓ 2500. ஆமா, லென்ஸ் மேல கண்ணாடி ஒட்டியிருக்கு. போன் வாங்கின அன்னிக்கே கடையில் ஒட்டிக் கொடுத்தாங்க.

செக்காலை ரோடு:
இந்த எண்களே பாதி கதையைச் சொல்லிடுது. நாலும் ஒரே கோளாறு இல்லை, அதனால் ஒரே மருந்தும் கிடையாது. முதல் படத்தை மட்டும் விரிவா சொல்றேன். அது விளங்கினா மத்தது தன்னால விளங்கும்.

1/14 நொடி ஷட்டர் திறந்திருந்தது. ஓஐஎஸ் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஐயா கை அசைவதைப் பிடிக்காது. சரிபார்க்க ஒரு வழி: படத்தைப் பெரிதாக்கி, பின்னாடி இருக்கிற தூணின் விளிம்பைப் பாருங்க. தூண் கூர்மையா இருந்து விரல் மட்டும் ரெட்டையா இருந்தா ஆள் அசைவு. தூணும் ஒரே பக்கமா இழுபட்டிருந்தா உங்கள் கை. ரெண்டும் கூர்மையா இருந்து தோல் மட்டும் வழவழன்னா அது அசைவே இல்லை, ஐஎஸ்ஓ 3200-இல் வந்த இரைச்சலை (புள்ளி புள்ளியா வர்ற அழுக்கை) போனே துடைச்சதில் தோலும் சேர்ந்து போயிருக்கு. எல்லாமே புகை படிஞ்ச மாதிரின்னா லென்ஸில் விரல் எண்ணெய்.

ஆட்டோ ஏன் இப்படிப் பண்ணுதுன்னா, அதுக்கு இருட்டுன்னா ஆகாது. வளவில் முக்கால்வாசி இருட்டு. அதை எல்லாம் சாம்பல் நிறத்துக்கு ஏத்தப் பார்க்குது. அந்த இழுப்பில் சுடர் வெள்ளை உருண்டை ஆயிடும். நீங்க செய்ய வேண்டிய முதல் காரியம், இருட்டை இருட்டாவே விடுன்னு போனுக்குச் சொல்றது.

செய்முறை: மாவு பிடிச்சிருக்கிற கையில், சுடருக்கு ஒரு விரல் கீழே திரையை அழுத்திப் பிடிங்க. பூட்டுப் படம் வரும், ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கும். பக்கத்தில் வர்ற சூரியக் குறியைக் கீழே இழுங்க, மைனஸ் 0.7-இல் இருந்து மைனஸ் 1 வரைக்கும். சுடரின் உள்கரு எப்படியும் வெள்ளையாத்தான் வரும், அதோடு சண்டை போட வேண்டாம். ஓரம் மஞ்சளா, திரியின் கருப்பு நுனி தெரிஞ்சா போதும்.

அதைவிட நல்லது ப்ரோ மோட், எல்லா எண்ணையும் நாமே வைக்கிற மோட். ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 1600-இல் ஆரம்பிச்சு 3200 வரைக்கும், வொயிட் பேலன்ஸ் (படத்தோட நிறச் சமன்) 3000 கெல்வின், ஃபோகஸ் ஆட்டோ. கெல்வின்னா வெளிச்சத்தோட நிற அளவு, எண் குறைஞ்சா மஞ்சள், கூடினா நீலம். எண்ணெய் விளக்குச் சுடர் 1900 கெல்வினை ஒட்டி இருக்கும். 3000 வச்சா விளக்கோட மஞ்சள் கொஞ்சம் மிஞ்சி நிக்கும், விளக்கு வெளிச்சம்னு பார்த்ததும் தெரியும். முழுசா வெள்ளையாக்கிட்டா ஆபீஸ் மாதிரி ஆயிடும்.

கணக்கையும் பார்த்துக்குங்க. 1/14-இல் இருந்து 1/50-க்குப் போனா வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கா குறையுது. ஐஎஸ்ஓவை ஏத்தி அதைச் சரிக்கட்டினா மறுபடி மெழுகுதான். விளக்கை நகர்த்துங்க. முகத்துக்கு ஆறடி தள்ளி இருக்கிற விளக்கை மூணடிக்குக் கொண்டு வந்தா முகத்தில் வெளிச்சம் நாலு மடங்கு. எண்ணெயைத் தவிரச் செலவு கிடையாது.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, பட்டாலை வெள்ளை பல்பை அணைச்சுடுங்க. அது 6500 கெல்வின். விளக்கு ஒரு பக்கம் மஞ்சள், பல்பு ஒரு பக்கம் நீலம். எந்த வொயிட் பேலன்ஸ் வச்சாலும் ஒரு கன்னம் தப்பாத்தான் வரும். வெளிச்சம் பத்தலைன்னா அதே ஹோல்டரில் 2700 கெல்வின் வார்ம் பல்பு மாட்டுங்க. பல்பை நேரா முகத்தில் அடிக்காம சுவர்ப் பக்கம் திருப்புங்க. நம்ம வீட்டுச் சுவர் வெள்ளைக்கரு சேர்த்து மழமழன்னு தேய்ச்சது, வெளிச்சத்தை நல்லா திருப்பிக் கொடுக்கும். ஆனா கண்ணாடி மாதிரி ஒரு பளிச்சுப் புள்ளி சுவரில் தெரியும், ரெண்டடி பக்கவாட்டில் நகர்ந்து அதைப் படத்துக்கு வெளியே தள்ளிடணும்.

தரையையும் யாரும் கவனிக்கிறதில்லை. ஆத்தங்குடிக் கல்லில் பட்டு மேலே ஏறுற வெளிச்சம் கல்லோட நிறத்தையும் கூட்டிக்கிட்டு வரும். சிவப்புக் கல் மேல உக்கார்ந்தா தாடைக்குக் கீழே சிவப்பு, பச்சைக் கல்லுன்னா உடம்பு சரியில்லாத முகம். மடியில இருந்து முன்னாடி ரெண்டு முழத்துக்கு வெள்ளை வேட்டியை நாலா மடிச்சு விரிச்சா நிறம் போயிடும், கண்ணுக்குக் கீழே இருக்கிற நிழலும் குறையும். விளக்கை விட்டு எட்டி விரிங்க, துணி நெருப்புப் பக்கம் போகக் கூடாது.

கண்டாங்கி கட்டினவங்க படத்தில் இருந்தா இன்னும் கொஞ்சம் இருட்டாவே எடுங்க. விளக்கு வெளிச்சத்தில் சிவப்புதான் முதலில் தெவிட்டும். அரக்கு நிறத்தில் கட்டம் எல்லாம் கரைஞ்சு ஒரே சிவப்புத் தகடா நிக்கும்.

தேவகோட்டை ரஸ்தா:
நைட் மோட் போட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு?

செக்காலை ரோடு:
இழை எடுக்கிறதுக்கு நைட் மோட் வேண்டாம். அது ஒரே படம் எடுக்கிறதில்லை. ஒண்ணு ரெண்டு நொடியில் பல படம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குது. 2018-இல் பிக்சல் 3-க்கு வந்த நைட் சைட், அடுத்த வருஷம் ஐபோன் 11-இல் வந்த நைட் மோட், எல்லாம் இந்த அடுக்கு வேலைதான். அசையாத தூணை அடுக்கினா இரைச்சல் குறையும். ஆடுற சுடரை அடுக்கினா பஞ்சு உருண்டை, நீட்டுற கையை அடுக்கினா ஆவி. சில போன்ல இருட்டைப் பார்த்ததும் ஆட்டோவே நைட் மோடுக்குத் தாவிடும். நிலாக் குறியைத் தொட்டு நிறுத்திடுங்க.

வளவு படத்துக்கு அதே நைட் மோட்தான் சரி. உங்கள் ரெண்டாவது கோளாறு அங்கேதான் வருது. அல்ட்ராவைடுல எடுத்திருக்கீங்க. எஃப் 2.2 லென்ஸ் எஃப் 1.8-ஐ விட ஒன்றரை மடங்கு குறைவா வெளிச்சம் வாங்கும். இந்த விலையில் வழக்கமா மெயின் சென்சார் அரை அங்குல வகை, அல்ட்ராவைடு கால் அங்குல வகை. நீளம் அகலம் பாதின்னா பரப்பு கால்தான். ரெண்டையும் சேர்த்தா ஆறில் ஒரு பங்கு வெளிச்சம். ஓஐஎஸும் பெரும்பாலும் மெயினுக்கு மட்டும்தான். அதனால் 1x-இல் (மெயின் கேமராவில்) வச்சுக்கிட்டு, வளவோட இந்தக் கோடியில் ரெண்டாங்கட்டு (வீட்டோட அடுத்த பகுதி) நிலைப்படிக்குப் பின்னால போங்க. முதுகைச் சுவரில் ஒட்டி நில்லுங்க, போனை மேலே கீழே சாய்க்காம பிடிச்சா தூணும் சாயாம நேரா வரும். போனை ஸ்டாண்டில் வச்சு 3 நொடி டைமர் போடுங்க. ஸ்டாண்டு இல்லைன்னா நிறைகுடம் ஒண்ணில் சாய்ச்சு வச்சாலும் போதும், பொத்தானைத் தொடுற அதிர்வு அடங்கினா சரி.

நேரமும் பார்த்துக்குங்க. சூரியன் இறங்கி இருபது நிமிஷத்துக்கு வளவு நடுவில் மேலிருந்து நீல வெளிச்சம் விழும், உள்ளே விளக்கு மஞ்சளும் தெரியும். அது போயிட்டா மேலே வெறும் கருப்புச் சதுரம்தான்.

50 மெகாபிக்சல் மோடை ராத்திரியில் தொடவே தொடாதீங்க. சாதாரண மோடில் நாலு பிக்சலைச் சேர்த்து ஒண்ணாக்கி 12.5 மெகாபிக்சலா தருது, அதில்தான் இரைச்சல் குறையும். 12-க்கு 8 அங்குலப் பிரிண்டை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) போட 8.64 மெகாபிக்சல் போதும். ஆல்பத்துக்கு இது தாராளம்.

கோட்டையூர் தம்பி:
அண்ணே, பச்சைப் புள்ளி?

செக்காலை ரோடு:
முதலில் அந்தக் கண்ணாடியை எடுங்க. லென்ஸுக்குள்ள கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே சுடர் முன்னும் பின்னுமா எதிரொளிச்சு வர்ற பிம்பம்தான் அந்தப் புள்ளி. வெளியே ஒட்டினது இன்னொரு எதிரொளிப்பைச் சேர்க்குது. ஓரத்தில் தூசி ஏறி, சுடரைச் சுத்திப் புகை வளையமும் அதுதான் போடுது. எடுத்த பிறகு மைக்ரோஃபைபர் துணியால் துடைங்க, சட்டை நுனியால வேண்டாம்.

எடுத்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது எல்லா போன்லயும் உண்டு. படத்தோட நடுப்புள்ளியை வச்சுப் பாருங்க. சுடர் இடது மேலே இருந்தா புள்ளி அதே தூரத்தில் வலது கீழே. சுடரை நடுவுக்குக் கொண்டு வந்தா புள்ளி சுடர் மேலேயே விழுந்து மறைஞ்சுடும். நடுவில் வைக்க முடியாதப்போ புள்ளி ஒரு வெள்ளை வேட்டியிலயோ சுவரிலயோ விழுற மாதிரி சாய்ங்க. கருப்புத் தூணில் விழுந்தாத்தான் கண்ணை உறுத்தும்.

தேவகோட்டை ரஸ்தா:
பட்டை ஓடுறதுக்கு நான் சொல்றேன். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடியும் பழைய செம்பு சோக் டியூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். வீடியோவில் ஆட்டோ 1/60-ஐ எடுத்தா மினுக்கலோட ஒத்துப் போகாது. சென்சார் வரிசை வரிசையா படிக்கிறதால பட்டை விழும். போனைப் படுக்கப் பிடிச்சா கிடைமட்டமா, நிமிர்த்திப் பிடிச்சா செங்குத்தா ஓடும். கேமரா செட்டிங்கில் ஆன்டி ஃபிளிக்கர் 50 ஹெர்ட்ஸுன்னு வைங்க. ப்ரோ வீடியோ இருந்தா 1/50 அல்லது 1/100, வேற எதுவும் வேண்டாம். எண்ணெய் விளக்கு மட்டும் எரிஞ்சா பட்டையே வராது.

கோட்டையூர் தம்பி:
நன்றி அண்ணே. மேக்ரோ வச்சு இழையைக் கிட்டத்தில் எடுக்கலாமா? ஜிகேம் (கூகுள் கேமரா ஆப்) போட்டா நல்லா வரும்னும் சொல்றாங்க.

செக்காலை ரோடு:
2 மெகாபிக்சல் மேக்ரோவை மறந்துடுங்க. நாலு சென்டிமீட்டர் கிட்டப் போனா போனோட நிழலே மாவு மேல விழும், சுடர் சூடு வேற. மெயின் கேமராவில் ஒரு அடி தள்ளி எடுத்து அப்புறம் வெட்டிக்கலாம். ஐபோன் 13 ப்ரோவும் அதுக்குப் பிறகு வந்த ப்ரோ மாடல்களும் கிட்டப் போனா தன்னால அல்ட்ராவைடுக்கு மாறி மேக்ரோ எடுக்கும். திரையில் பூக்குறி வந்தா அதைத் தொட்டு நிறுத்திட்டு, ரெண்டு கை அளவு பின்னால வாங்க.

ஜிகேம் உங்கள் போனுக்குன்னு கூகுள் கொடுக்கிறதில்லை, வெளி ஆட்கள் மாத்திப் போட்டது. எந்தப் பதிப்பு ஒத்துப் போகும்னு தேடணும், பல போன்ல அல்ட்ராவைடே திறக்காது. தெரியாத தளத்து ஏபிகேயை (ஆப் நிறுவுற கோப்பை) பேங்க் ஆப் இருக்கிற போன்ல போட நான் சொல்ல மாட்டேன். பியூட்டியை பூஜ்யத்தில் வைங்க, ஏஐ சீனை அணைங்க. மெழுகு பாதி அங்கேயே குறையும்.

பள்ளத்தூர் ஆச்சி:
யாராவது ஃபிளாஷ் போடச் சொல்லுவாங்க, கேக்காதீங்க. ரெண்டு மூணு மீட்டருக்கு மேல எட்டாது. குத்துவிளக்குப் பித்தளை, பெல்ஜியம் கண்ணாடி, தரை எல்லாத்துலயும் வெள்ளைக் குத்து விழும், சுடர் செத்துப் போகும்.

கோட்டையூர் தம்பி:
சோதனை பண்ணிப் பார்த்தேன். மாவு உருண்டை, அதே திரி, விளக்கு மூணடியில், வெள்ளை பல்பு அணைச்சு, கண்ணாடியை எடுத்துட்டு. ப்ரோவில் 1/50, ஐஎஸ்ஓ 2000, 3000 கெல்வின். விரல் ரேகை தெரியுது, மாவில் விரல் பதிஞ்ச பள்ளம் கூடத் தெரியுது. சுடர் ஓரம் மஞ்சள். பச்சைப் புள்ளி இருக்கு, மங்கலா. ஆனா சிங்கப்பூர்ல இருக்கிற அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பின்னாடி இருட்டெல்லாம் கட்டம் கட்டமா தெரியுதுங்கிறார்.

தேவகோட்டை ரஸ்தா:
அது கேமரா இல்லை, அனுப்பின விதம். வாட்ஸ்அப் படத்தை அமுக்கும்போது இருட்டில்தான் முதலில் கட்டம் விழும். படமா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க, அசல் அப்படியே போகும். எச்டி பொத்தானும் இருக்கு, அதுவும் அமுக்கத்தான் செய்யும், கொஞ்சம் குறைவா.

கோட்டையூர் தம்பி:
டாக்குமென்ட்டா அனுப்பினேன், சரியா போச்சு. அல்ட்ராவைடு மட்டும் ராத்திரியில் இன்னும் சேறுதான்.

செக்காலை ரோடு:
அதைக் காலையில் பத்து மணிக்கு மேல எடுங்க.