புதுப்பிப்பு: அந்த லிடிய வினைச்சொல் ‘சிதறடி’ அல்ல, ‘மிதி’

போன வாரம் சர்திஸ் நகரத்து இருமொழிக் கல்வெட்டைப் பற்றி எழுதியிருந்தேன். சர்திஸ், இன்றைய மேற்குத் துருக்கியில் இருந்த பண்டைய லிடிய நாட்டின் தலைநகர்; கல்வெட்டு அந்நாட்டு லிடிய மொழியிலும், பண்டை மேற்காசிய மொழியான அரமேயத்திலும் இருக்கிறது. கும்லியின் மகன் மானேயின் கல்லறைக்கு யாராவது தீங்கு செய்தால், எபேசு ஆர்தெமிஸும் கொலோயே ஆர்தெமிஸும் என்னும் தேவியர் அவனுடைய முற்றம், வீடு, நிலம், நீர், சொத்து எல்லாவற்றையும் என்ன செய்வார்கள் என்று சொல்லும் கடைசி வினை, ‘வ்ட்ஸ்பகென்ட்’. பக்கத்திலுள்ள அரமேயப் பகுதியில் ‘சிதறடிப்பார்கள்’ என்று இருப்பதால் அதுவே பொருள் என்று முடித்துவிட்டேன். அது அவசரம்.

மறுபடி வரிவரியாகப் படித்தபோது கண்ணில் பட்டது வேற்றுமை உருபு. முற்றம், வீடு, நிலம், நீர் எல்லாமே ‘ல்ய’ போல ஒலித்திருக்கக்கூடிய ஓர் எழுத்தில் முடிகின்றன. அது நான்காம் வேற்றுமைக்கும் இடப்பொருளுக்கும் வரும் உருபு. சிதறடிப்பதென்றால் ‘வீட்டை’ என்றல்லவா வரவேண்டும்? ‘வீட்டின்மேல், நிலத்தின்மேல்’ என்று வந்தால், அதன்மேல் நடக்கும் செயல்தான் பொருந்தும். ‘மிதித்து நசுக்கு’ என்று பொருள் கொள்ளும் அறிஞர்கள் சொல்வதன் வலு எனக்கு இப்போதுதான் உறைத்தது.

அப்படியானால் அரமேயம் தவறா? இல்லை. அதை எழுதியவர் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், தம் மொழிக்குப் பழகிய சாபத்தை வைத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். 1912-இல் கிடைத்த இந்தக் கல் லிடிய மொழிக்கே திறவுகோல். ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் அதன் சொந்த இலக்கணத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

பழைய பதிவில் பொருளைத் திருத்திவிட்டேன்.